விரலை எடுத்தா நிக்கணும்

“நீ சுவிட்சைப் போடறதில்ல உஷா, அடிக்கறே. சுவிட்சைப் போடறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. விரல் நுனியால, நடுவுல, ஒரே சீரா அழுத்தணும். நீ இப்படி முழங்கையால இடிச்சா எந்தக் காண்டாக்ட்தான் தாங்கும்?”

இது என் கணவர் முரளி, காலை ஏழே முக்காலுக்கு, சமையலறை வாசலில் நின்றுகொண்டு. என் இரண்டு கையிலும் சப்பாத்தி மாவு. அடுப்பில் பால் பொங்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சை முழங்கையால் தட்டினது குற்றம். கையைக் கழுவி, துடைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து விரல் நுனியால் அழுத்தியிருக்க வேண்டும் போல. “அப்படியே ஒரு குத்துவிளக்கும் ஏத்திட்டு அழுத்தட்டுமா?” என்று கேட்டேன். நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

சுவிட்சு வடிவமைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. உலகத்தில் அத்தனை பேரும் சுவிட்சைத் தப்பாகப் போடுகிறார்கள் என்று நம்புகிற தொழில், அவ்வளவுதான்.

வீட்டையே ஆபீஸாக்கிக்கொண்ட கணவர் வாய்த்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுவிட்சை அழுத்தினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் ஒரு தகட்டைத் தள்ளும். தகட்டின் முனையில் மிளகளவு ஒரு வெள்ளிப் பொட்டு. அது எதிரே இருக்கும் இன்னொரு வெள்ளிப் பொட்டின் மேல் போய் உட்கார்ந்தால் கரண்ட் ஓடும், எழுந்தால் நிற்கும். இதற்குப் பெயர் காண்டாக்ட். இந்த உட்காருவதற்கும் எழுவதற்கும் நடுவே என் கணவர் இருபத்தாறு வருஷத்தை ஒரு கம்பெனியில் கழித்தார். போன வருஷம், அவரிடமே வேலை பழகின ஒருவரை அவருக்கு மேலே தூக்கி உட்கார வைத்தார்கள். இவர் எழுந்து வந்துவிட்டார்.

வந்தவர் சேலையூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டைக் காலி செய்து சொந்தமாக வடிவமைப்பு அலுவலகம் திறந்தார். அகப்பட்ட முதல் பெரிய வேலை, ஒரு மிக்சி கம்பெனிக்கு விப்பர் சுவிட்ச். குமிழை இடது பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும்வரை மிக்சி ஓட வேண்டும், விரலை எடுத்தால் நிற்க வேண்டும். இது தேறினால், அவர் பெயர் போட்டு ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும் முதல் டிராயிங். தேறாவிட்டால், பழைய கம்பெனிக்கே போய், பழைய சீடர் முன்னால் கை கட்டி நிற்க வேண்டும். “அதுக்கு நான் வண்டலூர் ஜூவில டிக்கெட் கிழிப்பேன்” என்று முரளி சொல்லியிருந்தார்.

ஆகையால் நானும் மாட்டினேன். போன் எடுப்பது, இங்கிலீஷில் கடிதம் எழுதுவது, வந்தவர்களுக்கு டீ, கார் ஓட்டுவது எல்லாம் என் இலாகா. என் பதவியின் பெயர், “வீட்லதானே இருக்கே.”

கார் ஷெட்டில் யாரோ

முதலில் வந்து இறங்கியது ஒரு பரிசோதனை இயந்திரம், முரளி பாஷையில் ‘ரிக்’. காற்றடித்து இயங்கும் ஒரு கம்பி, அதன் முனையில் ரப்பர் விரல். சுவிட்சை அதன் கீழே வைத்துவிட்டால், டக், டக், டக் என்று சாயங்காலம்வரை போடும், எடுக்கும், போடும், எடுக்கும். பக்கத்தில் ஒரு மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். முரளி அதன் முன்னால் நாற்காலி போட்டு, கோயில் உற்சவம் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில் என்னை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் எதிர் வீட்டு டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ரிட்டயரானவர், காது ரொம்பத் துல்லியம், வாய் அதைவிட. கார் ஷெட் பக்கம் ஒரு முறை, என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: “உஷா, திங்கக்கிழமையிலேருந்து யாரோ உங்க வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்கம்மா. என்ன சண்டையா இருந்தாலும் உள்ள விட்ருங்க.”

அனகாபுத்தூர் சாப்பாடு

ஸ்பிரிங் செய்கிறவர் ஏழுமலை. அனகாபுத்தூரில், கார் போனால் திரும்ப முடியாத சந்தில், ஒரு ஓட்டு ஷெட்டில் கம்பியைச் சுருட்டுவது, தகட்டை வளைப்பது எல்லாம் செய்வார். நல்ல மழை பெய்தால் அடையாற்றுத் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் சந்து. அதனால் அவர் மெஷின்கள் எல்லாம் இடுப்பளவு மேடையில் நிற்கும். அவர் மட்டும் கீழே நிற்பார்.

மிக்சி வேலைக்கு முன்னால், தண்ணீர் மோட்டாருக்கான ஒரு அழுத்து சுவிட்சுக்கு ஸ்பிரிங் கொடுத்திருந்தோம். முரளியின் டிராயிங்கில் கம்பியின் கனம், சுற்றுகளின் எண்ணிக்கை, எத்தனை கிராம் அழுத்தினால் எவ்வளவு இறங்க வேண்டும், எல்லாம் புள்ளி வைத்து எழுதியிருந்தது. சாம்பிள் வந்ததும் முரளி அதைத் தன் கருவியில் வைத்து அழுத்திப் பார்த்தார். அழுந்தவில்லை. மறுபடி அழுத்தினார். ஸ்பிரிங் எகிறிப் போய் என் துளசித் தொட்டியில் விழுந்தது. ஏழுமலை வேறு கனமான கம்பியில் சுருட்டியிருந்தார், அந்தக் கம்பி ஏற்கெனவே மெஷினில் மாட்டியிருந்த ஒரே காரணத்துக்காக.

காரை எடுத்துக்கொண்டு போனோம். சந்து முனையில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நடந்தோம். முரளி டிராயிங்கை விரித்து வரி வரியாக விளக்கினார். ஏழுமலை டிராயிங்கைப் பார்க்கவேயில்லை. தான் சுருட்டினதையும், முரளி மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த மெல்லிய ஸ்பிரிங்கையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினார், எலுமிச்சம்பழம் வாங்குகிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி நியாயம் கேட்டார்: “அக்கா, சாரு கேட்ட ஸ்பிரிங்கு சீக்காளி மாறி கீது. நான் அதுக்குக் கொஞ்சம் சோறு போட்டு அனுப்பிக்கிறேன். அதுக்குப் போய் இவ்ளோ கோச்சிக்கினா நான் இன்னா பண்றது?”

மேடவாக்கத்து டிஃபெக்ட்

வேறு சுருட்ட நேரமில்லாமல், அந்தச் சாப்பிட்டுக் கொழுத்த ஸ்பிரிங்கில் கொஞ்சம் மேடவாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. டேங்கர் லாரித் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை யாராவது போட்டுவிட்டு மறந்துபோகிறார்கள், தண்ணீர் வழிந்து மாடிப்படியில் இறங்குகிறது, ஆகவே ஆள் நின்று அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிற சுவிட்ச் வேண்டும் என்று கேட்டவர்களே அவர்கள்தான். ஆள் நகர்ந்தால் மோட்டார் நிற்கும். முரளி மிகுந்த மகிழ்ச்சியோடு செய்து கொடுத்தார். மனிதர்களை நம்பாத சுவிட்ச் என்றால் அவருக்கு உயிர்.

இரண்டு வாரத்தில் சுவிட்ச் கருகித் திரும்பி வந்தது. கூடவே ஒரு மடித்த அட்டைத் துண்டும், ஒரு ரப்பர் பேண்டும், குடியிருப்பின் செயலாளரும். வாட்ச்மேனுக்குக் கட்டை விரல் வலித்ததாம். அட்டையைச் செருகி, ரப்பர் பேண்டு போட்டு, சுவிட்சை அழுத்தின நிலையிலேயே கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். தொட்டி வழிந்து, மோட்டார் சூடாகி, வெள்ளிப் பொட்டு உருகிவிட்டது. அட்டை லேசாகச் சாய்ந்திருந்ததால் காண்டாக்ட் அரைகுறையாகத் தொட்டுப் பொறி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்று முரளி பூதக்கண்ணாடியில் காட்டி விளக்கினார்.

செயலாளர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஓ.எம்.ஆரில் பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், ஆகவே பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்துச் சொன்னார்: “எல்லாம் சரி சார். ஆனா விரலை எடுத்தா மோட்டார் நின்னுடுது. அதுதான் உங்க சுவிட்சுல பேஸிக் டிஃபெக்ட்.”

எறும்பு

முதல் மழைக்கு எறும்புகளுக்கு நம் சுவிட்ச் பெட்டிதான் வெள்ள நிவாரண முகாம். பல்லாவரத்தில் சுவிட்ச் செய்கிற ஒருவர், எங்கள் டிராயிங்கை வைத்துத்தான் செய்கிறார், ஒரு டப்பா நிறைய வேலை செய்யாத சுவிட்சுகளைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜையில் கொட்டினார். பிரித்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிப் பொட்டுக்கும் நடுவே ஒரு எறும்பு, அப்பளமாக. முரளி இதை ஒரு மணி நேரம் ஆராய்ந்து, சுவிட்சின் மேல் தவறில்லை, எறும்பின் மேல்தான் என்று முடிவுக்கு வந்தார். பல்லாவரத்துக்காரர் டிராயிங்கை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எறும்பு உள்ள போகக்கூடாதுன்னு நீங்க இதுல எங்கயுமே எழுதலையே சார்!”

ரூம்மேட்ஸ் ரெண்டு பேர்

இப்போது மிக்சிக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் பரத். முப்பது தாண்டியிருக்கும். லேப்டாப்பைத் திறக்காமல் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். கார் ஷெட்டில் உட்கார்ந்து படம் படமாகக் காட்டினார். அதில் ஒரு படத்தில், ஒரு குடும்பம் விப்பரை ஒரு நாளைக்கு மூன்று தடவை உபயோகிக்கும், தடவைக்குப் பத்து விநாடி என்று போட்டிருந்தது. அதை வருஷத்தால் பெருக்கி, வாரண்டியால் பெருக்கி, இத்தனை தடவை தாங்கினால் போதும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்குத்தான் ரப்பர் விரல் டக் டக் என்று போட வேண்டும்.

டீ கொடுக்கப் போன நான் நின்றுவிட்டேன். “மூணு தடவையா? ஒரு தேங்காய்ச் சட்னிக்கே விட்டு விட்டு...” என்று ஆரம்பித்தேன். “உஷா, பிஸ்கட் இருக்கா?” என்றார் முரளி. இது எங்கள் வீட்டில் வாயை மூடு என்பதற்கு மரியாதையான சொல். நான் மூடவில்லை. “யார் வீட்டுல இப்படி அரைக்கறாங்க? யாரைக் கேட்டீங்க?” என்றேன். பரத் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னார்: “டேட்டா இல்லாம நாங்க எதுவுமே பண்றதில்ல மேடம். என் ரூம்மேட்ஸ் ரெண்டு பேரையும் கேட்டுட்டுத்தான் போட்டேன்.”

சீலிங்கில் சட்னி

முரளியின் வடிவமைப்பில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. இடம் குறைவு என்பதால் வளையும் தகடே ஸ்பிரிங்காகவும் இருக்கும், கரண்ட் போகும் வழியாகவும் இருக்கும். “ஒரே ஆள், ரெண்டு வேலை” என்று பெருமையாகச் சொன்னார். ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்தால் கடைசியில் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழுமலை தகடு வளைத்துக் கொடுத்தார். ரப்பர் விரல், குமிழில் மாட்டின ஒரு கைப்பிடியைத் தள்ளித் தள்ளி, பரத் சொன்ன கணக்குக்கு மேலேயே போட்டு எடுத்தது. சாம்பிள் பாஸ். முரளி தாம்பரம் மார்க்கெட் வரை போய் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கா, இயந்திரத்துக்கா என்று தெளிவாகச் சொல்லவில்லை.

“ஒண்ணை என் மிக்சில மாட்டுங்க” என்றேன். மாட்டினார். நான் வழக்கம்போல் சட்னி அரைத்தேன். அறிந்தவர்களுக்குத் தெரியும், தேங்காய்ச் சட்னியை ஒரேயடியாக ஓட்டக் கூடாது. ஓட்டினால் தேங்காய் ஜாரின் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும், கத்தி வெறும் காற்றைச் சுற்றும். விட்டு விட்டு ஓட்ட வேண்டும். குர், விடு. குர், விடு. மூடியைத் திறந்து ஸ்பூனால் வழித்துத் தள்ளி, மறுபடி குர், விடு. பொட்டுக்கடலை போட்டு நாலு குர். தண்ணீர் விட்டு நாலு குர். அன்றைக்குத்தான் முதல்முறையாக எண்ணினேன். ஒரு சட்னிக்கு முப்பத்திரண்டு.

ஒன்பதாம் நாள் காலை. குர், விட்டேன். நிற்கவில்லை. இந்த வேலையில் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது, ஒரு கை குமிழை விட்ட அதே நொடியில் மறு கை மூடியைத் திறந்து ஸ்பூனை உள்ளே விட்டுவிடும். மூளையைக் கேட்பதில்லை. ஸ்பூன் உள்ளே போனது. டணார் என்று ஒரு சத்தம், ஸ்பூன் என் கையைவிட்டுப் பறந்தது, சட்னி என் முகம், சுவர், சீலிங், மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில். கத்திக்கும் என் விரலுக்கும் நடுவே அந்த ஸ்பூன் நீளம்தான் இருந்தது, அதுவும் வளைந்துபோன பிறகு பாதி நீளம். சுவரிலிருந்த சுவிட்சை முழங்கையால் இடித்து நிறுத்தினேன். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முரளி ஓடி வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், பத்தும் இருந்தன. பிறகு மிக்சியைப் பார்த்தார். பிறகு சீலிங்கைப் பார்த்தார். சீலிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: “ரிக்ல ஒரு தடவைகூட ஒட்டலையே...”

மிளகாய்ப் பொடி வாரம்

பிரித்துப் பார்த்தார். தகடு கறுத்து, துவண்டுபோயிருந்தது. வெள்ளிப் பொட்டு இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. காரணம் அவருக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது, அந்த மட்டும் புத்திசாலி. மோட்டார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஒரு பெரிய வாய் கரண்ட் குடிக்கும். பிறகு அடங்கிவிடும். பரத்தின் கணக்குப்படி ரப்பர் விரல் ஒரு தடவை போட்டு, பத்து விநாடி பிடித்து, நன்றாக ஆறவிட்டு, அடுத்ததற்குப் போகிறது. நான் ஆறவிடுவதில்லை. முப்பத்திரண்டு தடவையும் அந்தப் பெரிய வாய். அவ்வளவும் அந்த ஸ்பிரிங் தகட்டின் வழியாகவே போகிறது. அது சூடேறிச் சூடேறி முறுக்கை இழந்துவிட்டது. விலக்கித் தள்ள அதற்குத் தெம்பில்லை. கரண்ட் போக தனியாக ஒரு செம்புக் கம்பிப் பின்னல் கொடுத்து, ஸ்பிரிங்கைத் தள்ளுகிற வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் சரியாகும். ஆனால் அதற்கு வேறு வடிவம் வேண்டும், வேறு அச்சு வேண்டும், முதலிலிருந்து எல்லாம். பரத்தோ, வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் கையெழுத்து, அது தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியாயிற்று.

மறுநாள் முரளி என்னை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, இங்கிலீஷ் கடிதம் சொல்ல ஆரம்பித்தார்: சாம்பிள் தங்கள் பரிசோதனைகள் அனைத்திலும் தேறியது என்பதை மகிழ்ச்சியுடன்... நான் கையை எடுத்துவிட்டேன். கான்வென்டில் மாரல் சயின்ஸில் எப்போதும் முதல் மார்க் வாங்கினவள். பொய் சொல்ல வேண்டுமானால் சொந்தமாகச் சொல்வேன், டிக்டேஷனில் எழுத மாட்டேன்.

“பொய் எங்க இருக்கு? அவங்க கேட்ட டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சு.”

“என் டெஸ்ட்ல?”

“அது டெஸ்ட் இல்ல உஷா, அது சட்னி.”

“அந்தச் சட்னியில என் விரல் விழுந்திருந்தா டெஸ்ட்டுனு ஒத்துப்பீங்களா?”

அன்றிலிருந்து வீட்டில் சட்னி கிடையாது. இட்லிக்கு மிளகாய்ப் பொடி, தோசைக்கு மிளகாய்ப் பொடி, பொங்கலுக்கும் மிளகாய்ப் பொடி. மூன்றாம் நாள் முரளி கண்ணில் தண்ணீரோடு ஏழுமலைக்குப் போன் போட்டு, இந்தத் தகட்டையே கொஞ்சம் முரட்டுத்தனமாக வளைத்தால் வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிடலாமா என்று கேட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார், நான் கேட்கிறேன் என்று தெரிந்தேதான். ஏழுமலை என்னைத்தான் கூப்பிட்டார்: “அக்கா, கீறியா? சாரு என்கிட்ட ஸ்பிரிங்கு கேக்கல, தெகிரியம் கேட்டுகினு கீறாரு. அந்த ஐட்டம் நம்ம கைல ஸ்டாக் இல்லன்னு சொல்லு.”

பதினோரு பேர்

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் நான் காரை ஓட்டினேன். முரளி மடியில் டிராயிங் உருளையை வைத்துக்கொண்டு, கூடுவாஞ்சேரி தாண்டும்வரை அதை உருட்டிக்கொண்டே வந்தார். பின் சீட்டில் ஒரு கட்டைப் பை. “அதுல என்ன?” என்று கேட்டார். “மிக்சி, ரெண்டு மூடி தேங்கா, பச்ச மிளகா, பொட்டுக்கடல” என்றேன். ஐயோ என்றோ, ஆஹா என்றோ சொல்வார் என்று பார்த்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மீட்டிங் அறையில் நீள மேஜை, பதினோரு பேர். வடிவமைப்பு, தரக் கட்டுப்பாடு, கொள்முதல், விற்பனை, இன்னும் என்னென்னவோ. மிக்சிக்காக இத்தனை பேர் கூடிய இடத்தில் மிக்சியைத் தவிர எல்லாம் இருந்தது. என்னை செக்ரட்டரி என்று நினைத்து ஒருவர் காப்பி சொல்லச் சொன்னார். “எனக்கும் சேத்து நீங்களே சொல்லிடுங்க” என்றேன்.

பரத் படம் காட்டினார். கடைசிப் படத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். பேனாவை முரளி பக்கம் நகர்த்தினார். “சார், உங்க சைன் மட்டும்தான் பாக்கி.”

முரளி பேனாவை எடுத்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொல்கிறேன், இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கையை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. அவர் பேனாவின் மூடியைப் போட்டு மேஜைமேல் வைத்தார். “இந்த டிராயிங்கை நான் திரும்ப எடுத்துக்கறேன். காண்டாக்ட் ஒட்டிக்குது. என் வீட்டுலயே ஒட்டிச்சு. விரலை எடுத்தா நிக்கல. எனக்கு ரெண்டு மாசம் கொடுங்க, வேற செய்யறேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாருங்க. ஆனா இதை மட்டும் போடாதீங்க.” அதற்கு மேல் நடந்ததை அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

பதினோரு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தரக் கட்டுப்பாட்டுக்காரர், “எந்த ஸ்டாண்டர்ட்படி டெஸ்ட் பண்ணீங்க?” என்றார். விற்பனைக்காரர், விப்பரை நடுநடுவே ஆறவிட்டு ஓட்டவும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போயிற்று என்றார். கொள்முதல்காரர் என்னைப் பார்த்து, சின்னக் குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார், “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது கஸ்டமர் அப்யூஸ் கேட்டகரி. நார்மலா யாருமே அப்படி அரைக்க மாட்டாங்க.” பதினோரு தலையும் ஆடியது. எல்லோரும் காலையில் சட்னி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்த முகங்கள்.

நான் எழுந்தேன். பையிலிருந்து மிக்சியை எடுத்து அந்த நீள மேஜைமேல் வைத்தேன். அவர்கள் லேப்டாப்பை மாட்டியிருந்த பிளக்கைப் பிடுங்கி என் பிளக்கைச் செருகினேன். உள்ளே அதே சுவிட்ச், புதிது, அவர்கள் பாஸ் போட்டது. தேங்காய், மிளகாய், பொட்டுக்கடலை ஜாரில் போட்டேன். ஸ்பூனைப் பக்கத்தில் வைத்தேன்.

“சரி சார். உங்கள்ல யாராவது ஒருத்தர் எழுந்து வாங்க, வந்து நார்மலா ஒரு சட்னி அரைச்சுக் காட்டுங்க” என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிஷம்வரை ஒருவரும் எழுந்து வரவில்லை.